வெளுத்த தோல் சீட்டுக்கு மறுபடி நிறம்: ஒரு காரும் இரண்டு சோபாவும்

2010 மாடல் ஸ்கோடா சூப்பர்ப். ஓட்டத்தில் குறை சொல்ல முடியாத வண்டி. உள்ளே தந்த நிறத் தோல் சீட். புதிதில் கொள்ளை அழகாக இருந்திருக்கும். சென்னை வெயிலிலும் வியர்வையிலும் பத்து வருஷத்துக்கு மேல் ஓடிய பிறகு என் கைக்கு வந்தபோது, டிரைவர் சீட்டின் கதவுப் பக்கத் திண்டில், ஏறி இறங்கும்போது தொடை உரசும் இடத்தில், நிறம் முழுக்கப் போய்ச் சாம்பலும் பழுப்புமாகத் தெரிந்தது. தொட்டால் சொரசொரப்பு. உட்காரும் இடத்தில் மயிரிழை விரிசல்களும் ஜீன்ஸ் பேன்ட்டிலிருந்து ஏறிய நீலமும். ஹெட்ரெஸ்ட்டில் தலை எண்ணெய் வருஷக்கணக்கில் இறங்கிக் கறுத்திருந்தது. பின் சீட்டில் யாரோ ஒரு குழந்தை பால்பாயின்ட் பேனாவால் படம் வரைந்திருந்தது. முன்னால் பக்கத்து சீட்டில் தையலை ஒட்டிக் கட்டை விரல் நீளத்துக்கு ஒரு கிழிசல்.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு கடையில் காட்டினேன். "லெதர் செத்துப்போச்சு சார். மேல கவர் போட்டுடுங்க, புதுசு மாதிரி ஆயிடும்" என்றார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. இந்த வண்டியில் முன் சீட்டின் பக்கவாட்டிலேயே ஏர்பேக் இருக்கிறது. விபத்து நேரத்தில் அது தையலைப் பிளந்துகொண்டு வெளியே வர வேண்டும். அதன் மேல் கண்ட கவரை இறுக்கி மாட்டினால் அது எப்படி விரியும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அதோடு, அந்தத் தோல் சாகவும் இல்லை. சீட்டைத் தூக்கி அடிப்பக்கம் பார்த்தால் நார் நாராக, இறுக்கமாக, வளைத்தால் வளைகிற நல்ல தோல். போனது அதன் மேல் இருந்த பூச்சு மட்டும்தான்.

இது புரிந்துவிட்டால் வேலையில் பாதி புரிந்த மாதிரி. கார் சீட்டில் நம் கை படுவது பெரும்பாலும் தோலின் மேல் அடித்த பெயின்ட்டில்தான். குரோம் உப்பு போட்டுப் பதனிட்ட தோலுக்கு முதலில் சாயம் ஏற்றுவார்கள். அப்புறம் அதன் மேல் பிக்மென்ட் என்ற நிறப்பொடியும், அதைத் தோலில் பிடித்து வைக்கும் அக்ரிலிக் அல்லது பாலியூரிதேன் பைண்டரும் கலந்த நிறப் பூச்சு. ரேகை வேண்டுமென்றால் சூடான தகட்டில் அழுத்தி எடுப்பார்கள். கடைசியாக, தேய்மானம் தாங்குவதற்கு நிறமற்ற டாப் கோட். தோல் ஒரு மில்லிமீட்டர் சொச்சம் கனம் இருக்கும். இந்தப் பூச்சு மொத்தமும் சேர்ந்தாலும் அதில் ஒரு சிறு பங்குதான். பூச்சு 0.15 மில்லிமீட்டரைத் தாண்டினால் அதை வெறுமனே 'தோல்' என்று சொல்லி விற்கக் கூடாது என்பது தோல் தொழிலில் உலக அளவில் இருக்கும் வரையறை. ஆக, வெளுத்த சீட் என்றால் பெயின்ட் தேய்ந்த சீட். தேய்ந்ததை மறுபடி போட முடியும்.

'தோலுக்கு ஊட்டம்' என்று சொல்லித் தேய்க்கிற எண்ணெய், கிரீம், கண்டிஷனர் எல்லாவற்றையும் நான் தள்ளி வைத்ததற்கும் இதுதான் காரணம். பூச்சு நன்றாக இருக்கும் இடத்தில் எண்ணெய் உள்ளே போகாது. மேலேயே நின்று தூசியைப் பிடிக்கும். பூச்சு உடைந்த இடத்தில் உள்ளே போகும். போனால் பிறகு நாம் போடப் போகும் பைண்டர் அங்கே ஒட்டாது. வீட்டில் தேங்காய் எண்ணெய் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டுக் கொண்டுவரும் சீட்தான் சரிசெய்வதற்கு மிகக் கஷ்டமானது.

முதலில் கையில் இருப்பது என்ன என்று பார்த்துவிட வேண்டும். ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக நின்றால் பூச்சுள்ள தோல். உடனே உறிஞ்சிக் கறுத்தால் பூச்சில்லாத அனிலின் தோல். அதற்கு வைத்தியம் வேறு. பெரும்பாலான கார்களில் உடம்பு படும் இடம் மட்டும் தோலாகவும், பக்கவாட்டும் முதுகுப்புறமும் வினைலாகவும் இருக்கும். என் வண்டியிலும் அப்படித்தான். வினைலில் நிறம் அவ்வளவாகப் போவதில்லை என்பதால் அசல் நிறத்துக்குச் சாட்சியாக அது நமக்கு உதவும்.

இந்த வேலையில் இறங்கியிருப்பது தெரிந்ததும் அக்கா தன் வீட்டு சோபாவைக் காட்டினாள். உட்காரும் இடமெல்லாம் செதில் செதிலாக உரிந்து, அடியில் வெள்ளைத் துணி தெரிந்தது.

"ஏன்டா, காருக்கெல்லாம் செய்யற, இத ஒரு கை பாக்க மாட்டியா?"

"அக்கா, இது தோலே இல்லக்கா. தோல் உரிஞ்சா உள்ள நார் தெரியும், துணி தெரியாது."

"கடையில லெதர்னுதானே சொல்லிக் குடுத்தான்?"

லெதர் என்றுதான் சொல்லியிருப்பார்கள். தோல் தூளை அரைத்துப் பசையோடு துணியில் ஒட்டி, மேலே பாலியூரிதேன் படலம் போட்டதும் 'பாண்டட் லெதர்' என்ற பெயரில் விற்கிறது. அந்தப் படலம் காற்றில் இருக்கும் ஈரத்தால் மெல்ல மெல்லச் சிதையும். கடலோர ஊர்களில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். சிதைந்த படலத்தின் மேல் என்ன நிறம் அடித்தாலும் அடுத்த செதிலோடு சேர்ந்து அதுவும் வந்துவிடும். அக்காவுக்கு நான் சொன்ன வழி ஒன்றுதான்: சட்டமும் ஃபோமும் நன்றாக இருக்கின்றன, மேல் துணியை மட்டும் மாற்று. அவளுக்கு மனசு ஆறவில்லை. ஆனால் இதில் நிறம் போட்டுத் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுத்துவிடக் கூடாது என்பதை மட்டும் அழுத்திச் சொல்லிவிட்டு வந்தேன்.

நண்பர் ஒருவர் வீட்டில் பழைய கால வக்கீல் நாற்காலி ஒன்று உண்டு. அதன் இருக்கைத் தோலும் விசாரணைக்கு வந்தது. அது பட்டை போட்டுப் பதனிட்ட தோல். ஆவாரம் பட்டையில் பதனிடுவது நம் ஊரின் பழைய தொழில். அந்தக் காலத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'ஈஸ்ட் இண்டியா' தோல் என்ற பெயரில் கப்பல் ஏறியதும் இதுதான். இந்தத் தோலைப் பெயின்ட் போட்டு மூடினால் அதன் அழகே போய்விடும். சூடும் ஆகாது. குரோம் தோல் கொதிக்கிற தண்ணீரைத் தாங்கும். பட்டைத் தோல் 80 டிகிரியை ஒட்டியே சுருங்க ஆரம்பித்துவிடும். ஹேர் டிரையரை மிக அருகில் பிடித்தால்கூட ஆபத்து. தூசி தட்டி, மேலாகத் துடைத்து, அப்படியே வைத்திருங்கள் என்றேன்.

சாமான் வாங்கப் பெரியமேட்டுக்குப் போனேன். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் எல்லாம் வந்து புழங்கும் சந்தை அது. தோலும், தோலுக்கான ரசாயனமும், நூலும், பசையும் ஒரே தெருவில் கிடைக்கும். பைண்டர் வேண்டும் என்றதும் கடைக்கார பாய் கேட்டார்:

"பெல்ட்டுக்கா தம்பி, சீட்டுக்கா?"

"சீட்டுக்கு பாய். கார் சீட்டு."

"அப்ப இது வேணாம். இது கெட்டியா காயும். சீட்டுல ஆளு உக்காந்து எந்திரிக்கணும்ல, நாலு நாள்ல வெடிச்சிடும். சாஃப்ட் பைண்டர் தரேன், எடுத்துக்கோங்க."

இரண்டையும் கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு விட்டுக் காயவைத்து, உரித்து என் கையில் கொடுத்தார். ஒன்று விரலில் மடக்கியதும் ஒடிந்தது. இன்னொன்று ரப்பர்போல இழுபட்டு மறுபடி சுருங்கியது. எந்த டப்பாவின் மேல் எழுதியிருப்பதையும்விட இந்தச் சோதனையை நம்பலாம். ஆன்லைனில் வரும் 'லெதர் பெயின்ட்' எதுவாக இருந்தாலும் இப்படிக் காயவைத்து உரித்து மடக்கிப் பார்த்துவிட்டுத்தான் சீட்டின் மேல் வைக்க வேண்டும்.

சரி, கழுவும் வேலை. நான் அதிக நேரம் செலவழித்தது இதில்தான். செய்யப் போகிறவர்களும் நேரத்தை இங்கேதான் கொட்ட வேண்டும். வேக்குவம் போட்டுத் தையல் இடுக்கில் இருக்கும் மண்ணை எடுத்தாகிவிட்டது. அப்புறம் தோலுக்கான கிளீனரை நுரையாக்கி, குதிரை முடி பிரஷால் ஒரு நேரத்தில் ஒரு முழம் இடம் மட்டும். துணி சோப்பும் பாத்திர லிக்விடும் வேண்டாம். தோல் அமிலப் பக்கம் இருக்கும் பொருள், அதன் பி.ஹெச். 4-ஐ ஒட்டி இருக்கும். துணி சோப்பு காரம். மெலமைன் ஸ்பாஞ்ச் அழுக்கோடு பூச்சையும் சேர்த்துத் தேய்த்து எடுத்துவிடும், அதுவும் வேண்டாம். தண்ணீர் ஊற்றவே கூடாது. முன் சீட்டின் உள்ளே ஆள் உட்கார்ந்திருப்பதை அறியும் சென்சார் உண்டு. ஃபோம் ஊறினால் அது பழுதாகலாம்.

பிரஷை லேசாக வட்டமாகச் சுற்றினால் ரேகைப் பள்ளங்களில் இருந்து அழுக்கு எழும்பி வரும். வெள்ளை நுரை நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டீ நிறத்துக்கு மாறியது. அது காய்வதற்குள் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். விட்டால் மறுபடி பள்ளத்துக்குள் இறங்கிவிடும். துணியில் நிறம் வராத வரை திரும்பத் திரும்ப. பின் சீட் முழுவதையும் இப்படி முடித்துவிட்டுக் கதவைத் திறந்து வைத்துப் பார்த்தேன். அங்கே நிறமே போடத் தேவையில்லை! 'வெளுத்துவிட்டது, மஞ்சளாகிவிட்டது' என்று தோன்றியதெல்லாம் அழுக்கு. இந்த மகிழ்ச்சியை யாரும் தவறவிடக் கூடாது. சீட்டுக்கு நிறம் போடணும் என்று வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, கழுவிவிட்டு ஒரு ராத்திரி காயவிட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள் என்பதுதான்.

பேனாக் கிறுக்கல் கழுவியதில் போகவில்லை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சு முனையில் தொட்டு, கோட்டின் மேல் மட்டும் ஒற்றி ஒற்றி எடுத்தேன். தேய்த்தால் மை பரவிவிடும். பால்பாயின்ட் மையும் ஜீன்ஸ் நீலமும் முடிந்த அளவு எடுபட்ட பிறகுதான் மேலே நிறம் வைக்க வேண்டும். அப்படியே மூடினால் கொஞ்ச நாளில் புதுப் பூச்சின் வழியாக நிழலாக மேலே வந்துவிடும். ஜீன்ஸ் நீலம் கடைசிவரை ஒரு சாயல் நின்றது. அந்த இடத்தில் நிறத்துக்கு முன் பைண்டரை மட்டும் மெல்லிசாக ஒரு தடவை போட்டு அடைத்துவிட்டேன்.

ஹெட்ரெஸ்ட் எண்ணெய் இதைவிடப் பிடிவாதம். அது பூச்சை இளக்கி அடியில் நாருக்குள்ளேயே போயிருந்தது. முல்தானி மட்டியை ஐசோபுரொப்பைலில் குழைத்து அப்பி, மேலே பிளாஸ்டிக் போட்டுக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, அப்புறம் பிளாஸ்டிக்கை எடுத்துக் காயவிட்டேன். ஆல்கஹால் எண்ணெயை இளக்க, காய்கிற மண் அதை உறிஞ்சிக்கொள்கிறது. உதிர்ந்த மட்டி பழுப்பாக வந்தது. நிறம் மாறாமல் வெறும் மண்ணாக உதிரும்வரை மறுபடி மறுபடி அப்பினேன். எண்ணெய் மிச்சம் இருக்கும் ஹெட்ரெஸ்ட்டில் நிறம் போட்டால் சில வாரத்தில் தோலுரிந்து வந்துவிடும் என்பதால் இதில் அவசரமே கூடாது.

நிறம் போட வேண்டிய முன் சீட்டுகளில் அடுத்தது, பழைய டாப் கோட்டைக் கிளறி விடுவது. ஆல்கஹாலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து, ஸ்காட்ச் பிரைட்டில் தொட்டு அழுத்தாமல் தேய்த்தேன். டேஷ்போர்டு பாலிஷ் ஸ்ப்ரேயில் இருக்கும் சிலிகான் சீட்டின் மேலும் படிந்திருக்கும். அது கொஞ்சம் இருந்தாலும் போதும், புது நிறம் அங்கே ஒட்டாமல் விலகி வட்டம் வட்டமாகக் குழி விழும். கார் பெயின்ட்டர்கள் இதை 'ஃபிஷ் ஐ' என்பார்கள். தேய்த்தது போதுமா என்று தெரிந்துகொள்ள மறுபடி தண்ணீர்ச் சொட்டுதான்: முன்பு முத்தாக நின்ற இடத்தில் இப்போது படர வேண்டும். வெள்ளைத் துணியில் லேசாகச் சீட்டின் நிறமும் ஏற ஆரம்பிக்கும். அங்கே நிறுத்திவிட வேண்டும்.

சொரசொரத்த திண்டை 400 நம்பர் வாட்டர் பேப்பரால் (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) ஆரம்பித்து 800, 1000 என்று மென்மையாக்கினேன். நார் எழும்பியிருந்த இடத்தில் பைண்டரைத் தண்ணீர் கலந்து இளக்கி, ஸ்பாஞ்சில் தொட்டு உள்ளே இறங்கும்படி தேய்த்துக் காயவைத்து, மறுபடி தேய்த்தேன். சில சுற்றுக்குப் பிறகு அந்த நார் படிந்து, விரல் நகத்துக்குக் கெட்டியாக ஆகிவிடும். விரிசலை நிரப்பும் பட்டி வைப்பது அதற்கப்புறம்தான். தோலுக்கான பட்டி ரப்பர் மாதிரி வளையும்; டிங்கரிங் கடையில் வைக்கும் கார் பாடி பட்டியை இங்கே நினைத்தும் பார்க்கக் கூடாது. பழைய ஏடிஎம் கார்டின் ஓரத்தால் விரிசலுக்குள் அழுத்தி, மேலே இருப்பதை வழித்து எடுத்துவிட்டேன். ஒரே தடவையில் நிரப்பினால் காயும்போது உள்வாங்கும். மெல்லிசாக வைத்து, காயவிட்டு, 600-ல் தேய்த்து, மறுபடி வைக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மேடும் விரலுக்குத் தெரிந்துவிடும்.

கிழிசலுக்கு உள்ளிருந்து ஒட்டு. கிழிசலைவிட எல்லாப் பக்கமும் ஒரு விரல் அகலம் கூடுதலாக மெல்லிய கான்வாஸ் துணி வெட்டி, மூலைகளை வட்டமாக்கி, டுவீசரால் மடித்து உள்ளே நுழைத்து விரித்தேன். வளையும் தன்மையுள்ள பசையைத் தோலின் அடிப்பக்கமும் துணியிலும் மட்டும் வைத்தேன். ஃபோமில் ஒட்டிக்கொண்டால் உட்காரும்போது தோல் நகர முடியாமல் பக்கத்திலேயே இன்னொரு இடம் கிழியும். விளிம்புகளைச் சேர்த்து, மேலே பிளாஸ்டிக் தாளும் கனமான புத்தகமும் வைத்து ஒரு ராத்திரி விட்டேன். அறுந்திருந்த தையலை வளைந்த ஊசியில் நைலான் நூல் கோர்த்து, பழைய துளைகளிலேயே போட்டேன். புதுத் துளை போட்டால் தோல் அந்தக் கோட்டில் தபால்தலை ஓரம்போல் கிழிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. சீட்டின் பக்கவாட்டில் 'ஏர்பேக்' என்ற சிறு லேபிள் இருக்கும் பக்கத்துத் தையலை யாரும் தொடக் கூடாது. பலமான நூலால் மறுபடி தைப்பதும், பட்டியால் அடைப்பதும், பசை போட்டு இறுக்குவதும் கூடாது. விபத்தின்போது பிரிவதற்கென்றே அளந்து போட்ட தையல் அது. அங்கே தையல் விட்டிருந்தால் கம்பெனி சர்வீஸுக்குத்தான் போக வேண்டும். சீட்டைக் கழற்றி வேலை செய்கிறவர்கள் முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிச் சில நிமிஷம் காத்திருந்து, அதற்கப்புறம் சீட்டுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் கனெக்டரைப் பிரிக்க வேண்டும். திரும்ப மாட்டும்வரை சாவியைத் திருப்பக் கூடாது. திருப்பினால் டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

இப்போது நிறம். தந்த நிறம் என்பது வெள்ளையில் கொஞ்சம் மஞ்சள் என்று நினைத்தால் வெண்ணெய் வண்ணத்தில் போய் நிற்கும். அதை அடக்குவது கறுப்பு. வெள்ளையில் மஞ்சள் ஆக்சைடு, துளி சிவப்பு ஆக்சைடு, பல் குத்தும் குச்சியின் முனையில் தொட்ட கறுப்பு. கறுப்பைச் சொட்டாக விட்டால் மொத்தமும் சிமென்ட் நிறமாகிவிடும்; அப்புறம் அதைத் திருப்ப எவ்வளவு வெள்ளை ஊற்றினாலும் போதாது. நகை எடை போடும் சின்னத் தராசில் ஒவ்வொன்றையும் நிறுத்தி நோட்டில் எழுதிக்கொண்டே போனேன். கலவை தீர்ந்துபோனால் அதே நிறம் மறுபடி வர இதைவிட வேறு வழியில்லை.

டப்பாவில் இருக்கும் நிறத்தைக் கண் நம்பக் கூடாது. பைண்டர் ஈரத்தில் பால் போல வெளுப்பாக இருக்கும். காயும்போது அது தெளிந்து நிறம் ஒரு படி கருமையாகும். அதனால் ஒவ்வொரு தடவையும் சீட்டின் மறைவான இடத்தில் ஒரு பொட்டு வைத்து, ஹேர் டிரையரில் காயவைத்து, பிறகுதான் ஒப்பிட வேண்டும். அதுவும் பகல் வெளிச்சத்தில், நேர் வெயில் படாத நிழலில். கார் பார்க்கிங்கின் எல்.இ.டி. விளக்கில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு நிறம் வெளியே வந்தால் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். பொட்டு எங்கே வைத்தேன் என்று தேட வேண்டியிருந்தால் நிறம் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

எதோடு சேர்ப்பது என்பதிலும் எனக்கு ஒரு உறுதியான கருத்து உண்டு. கம்பெனி நிறத்தின் குறியீட்டு எண்ணைப் பார்த்து அதை அப்படியே கலந்து தருகிறார்கள். எனக்கு அது வேண்டாம். அது 2010-ன் நிறம். என் பின் சீட்டு வெயிலில் கொஞ்சம் முதிர்ந்து, கழுவியபின் மிதமான ஒரு தந்த நிறத்தில் நிற்கிறது. முன்னால் ஷோரூம் நிறமும் பின்னால் இந்த நிறமுமாக இருந்தால் வண்டி இரண்டு வண்டியாகத் தெரியும். கழுவிய பின் சீட்டோடு சேர்ப்பதுதான் முறை.

முதல் பூச்சை ஸ்பாஞ்சால் போட்டேன். ரேகைப் பள்ளங்களிலும் தையல் ஓரங்களிலும் நிறம் இறங்க அதுதான் நல்லது. மேலே வரும் பூச்செல்லாம் 0.8 மில்லிமீட்டர் முனை கொண்ட சின்ன ஸ்ப்ரே கன்னில், 30 பி.எஸ்.ஐ. காற்றழுத்தத்தில், பனி படிகிற மாதிரி. ஈரம் பளபளக்கும் அளவுக்கு அடித்தால் அதிகம். மூடுகிறதா என்று பார்க்காமல் ஒட்டுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் காயவைத்துப் போக வேண்டும். மூடுவது தானாக நடக்கும். மழைக்காலத்தில் சென்னைக் காற்றில் தண்ணீர் சார்ந்த பூச்சு காயவே காயாது, மாசி பங்குனி இந்த வேலைக்கு நல்ல நேரம். துளையிட்ட தோல் வைத்திருப்பவர்கள் நடுப் பகுதியில் ஸ்பாஞ்சைத் தொடவே வேண்டாம், துளை அடைத்துவிடும். அங்கே ஸ்ப்ரே மட்டும்.

டாப் கோட் என்பது தேய்மானத்தைத் தாங்கும் பாகம். பாலியூரிதேனில், அதைக் கெட்டிப்படுத்தும் கிராஸ்லிங்கரை டப்பாவில் சொன்ன விகிதத்தில் கலந்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் அடித்து முடித்துவிட வேண்டும். மிஞ்சியதை மூடி வைத்து மறுநாள் பயன்படுத்த முடியாது. பல கிராஸ்லிங்கர்கள் ஐசோசயனேட் வகை. அதன் ஸ்ப்ரே மூச்சில் போனால் ஆஸ்துமாவே வரலாம். துணி முகமூடி போதாது. ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜும் துகள் ஃபில்டரும் போட்ட ரெஸ்பிரேட்டர் வேண்டும், கதவெல்லாம் திறந்திருக்க வேண்டும், பக்கத்தில் குழந்தைகள் யாரும் இருக்கக் கூடாது. பளபளப்பைப் பொறுத்தவரை மேட் கலவையே என் விருப்பம். கார் கம்பெனியில் வந்த சீட் எதுவும் மினுமினுக்காது. பளபளவென்று இருந்தால் பார்த்ததும் யாரோ பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

தொட்டால் ஒட்டாத அளவுக்குச் சில நிமிஷத்திலேயே காய்ந்துவிடும். ஆனால் முழுக் கெட்டியாக ஒரு வாரம் ஆகும். அதுவரை உட்காருவதாக இருந்தால் வெள்ளைத் துணி விரித்து. புது ஜீன்ஸோடு உட்காரவே கூடாது.

இரண்டாவது சோபா மாமா வீட்டில். இது நிஜத் தோல், மெரூன் நிறம், ஜன்னல் பக்கம் இருந்த கைப்பிடி வெயிலில் வெளுத்தும், முதுகுப்புறம் பூனை பிறாண்டியும் இருந்தது. ஐப்பசி கார்த்திகையில் பூஞ்சை பிடிப்பதாகவும் சொன்னார். பூஞ்சை மேலே வெள்ளைப் பொடியாகத்தான் படிகிறது. வெளியே வைத்து ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, சுவரிலிருந்து ஒரு அடி தள்ளிப் போட்டதில் அது நின்றுவிட்டது. மாமாவுக்கு மெரூன் அலுத்துப்போய் அடர் காப்பி நிறம் வேண்டுமாம். அடர்த்தியை நோக்கிப் போவது எளிது. கறுப்பு சோபாவை வெள்ளையாக்கக் கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன். பூச்சு தடித்து, மடிப்பெல்லாம் வெடிக்கும்.

பூனை பிறாண்டிய நாரை நகவெட்டிக் கத்தரியால் ஒட்ட வெட்டி, பைண்டர், பட்டி, மேலே சொன்ன அதே முறை. நிறத்தையே மாற்றும்போது கூடுதலாகப் பார்க்க வேண்டியது மடிப்புகள். உட்கார்ந்ததும் தோல் இழுபட்டுச் சுருக்கத்துக்குள் இருக்கும் மெரூன் கோடு கோடாகத் தெரியும். குஷனுக்கு அடியில் கையை விட்டுத் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டே அத்தை உட்கார, நான் நிறம் அடித்தேன். "இன்னும் அந்தப் பக்கம் செவப்பு தெரியுது பாருப்பா" என்று அவர்தான் ஒவ்வொரு கோட்டையும் கண்டுபிடித்தார். நிறம் மாற்றும் வேலைக்குத் துணைக்கு ஒரு ஆள் கட்டாயம் வேண்டும்.

கார் சீட் இப்போது ஒரு கோடையையும் ஒரு மழைக்காலத்தையும் பார்த்துவிட்டது. திண்டில் நிறம் அப்படியே நிற்கிறது. கிழிசல் இருந்த இடம் தெரிந்தவருக்கு மட்டும் தெரியும்: பட்டியில் அசல் ரேகை வராது, சாய்ந்த வெளிச்சத்தில் அது மட்டும் வழவழப்பாகத் தெரிகிறது. பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வாரம் ஒருமுறை ஈரத்துணி, சில மாதத்துக்கு ஒருமுறை நுரை கிளீனர், ஹெட்ரெஸ்ட்டில் ஒரு பருத்தித் துண்டு. டேஷ்போர்டு பாலிஷை வாட்டர் வாஷ் கடையில் வண்டி விடும்போதே "உள்ள எதுவும் அடிக்காதீங்க அண்ணா" என்று சொல்லிவிடுகிறேன். மீந்த நிறக் கலவையைக் கிராஸ்லிங்கர் சேர்க்காமல், காற்றுப் புகாத சின்னப் பாட்டிலில், விகிதம் எழுதிய லேபிள் ஒட்டி வைத்திருக்கிறேன்.

ஸ்டீயரிங் பாக்கி. அதற்கு இதே டாப் கோட் போதாது. கை வியர்வையும், பலரும் போடும் ஹேண்ட் சானிடைசரும் சேர்ந்து பூச்சை இளக்கிவிடுகின்றன. சானிடைசரில் பெரும்பங்கு ஆல்கஹால், பழைய பூச்சைக் கிளற நானே பயன்படுத்தியதும் அதுதான். ஸ்டீயரிங்குக்கென்று ரசாயனம் தாங்கும் கெட்டியான பாலியூரிதேன் தனியாக வருகிறது. பாயிடம் சொல்லி வைத்திருக்கிறேன். வந்ததும் கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு காயவைத்து, உரித்து, மடக்கிப் பார்த்துவிட்டு, சானிடைசரில் ஒரு மணி நேரம் ஊறவும் போட்டுப் பார்க்க வேண்டும்.